எக்ஸ்போஷர் என்றொரு சொல்



தோழரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறேன். பேச்சைத் தொடங்கும் முன் ஒரு புகாரைச் சொல்லிவிடுகிறேன், அமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. படத்தில் இருப்பது தோழர்தான். ஆனால் இந்த நிறம் தோழருடையது அல்ல. துறைமுகத்தில் முப்பது வருசம் வெயிலில் நின்ற மனிதர் இவ்வளவு வெளுப்பாக இருந்ததில்லை. ஃபிளெக்ஸ் அடித்த தம்பி மரியாதைக்காகத்தான் செய்திருப்பார். இறந்தவரைக் கொஞ்சம் 'பிரைட்' பண்ணி வைப்பது நம் பக்கத்தில் ஒரு வழக்கம். அதைத் தப்பு சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, ஏனென்றால் நானும் அந்த வேலை பார்த்தவன்தான்.

தொண்ணூறுகளில் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்தேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருபவர்களுக்குச் சீப்பும் பவுடர் டப்பாவும் எடுத்துக் கொடுப்பது என் முதல் வேலை. "மூஞ்சியத் தொடச்சிட்டு நல்லா பவுடர் போட்டுக்கங்க" என்று சொல்லச் சொல்லி முதலாளி எனக்குப் பழக்கியிருந்தார். பிறகு இருட்டறைக்குள் விட்டார். நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் முகம் இருக்கும் இடத்தில் மெல்லத் தேய்த்தால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். அப்படி எத்தனை பேரை வெளுத்தேனோ, கணக்கில்லை. எக்ஸ்போஷர் என்ற சொல்லை நான் முதலில் கற்றது அந்த இருட்டில்தான். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம். இரண்டும் சேர்ந்ததுதான் எக்ஸ்போஷர் என்று முதலாளி சொல்வார். வெளிச்சம் கம்மியா, நேரத்தைக் கூட்டு. வெளிச்சம் ஜாஸ்தியா, நேரத்தைக் குறை.

இன்னொன்றும் சொல்வார். கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கும் கறுத்த முகத்தைக் குழியாக்கிவிடும், நாம்தான் ஒரு ஸ்டாப் திறக்க வேண்டும் என்று. அது கேமராவின் இயற்கை என்றே அப்போது நினைத்தேன். பல வருசம் கழித்துத்தான் கோடாக் கம்பெனியின் கதையைப் படித்தேன். கலர் பிலிம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டை அனுப்புவார்களாம். அதற்கு 'ஷர்லி கார்டு' என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்ததைக் கம்பெனி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970களில் சாக்லேட்டுக்கு விளம்பரப் படம் எடுத்தவர்களும் மரச்சாமான் விற்றவர்களும், எங்கள் பழுப்பு நிறங்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் வருகின்றனவே என்று முறையிட்ட பிறகுதான் பிலிமைச் சீர்செய்ய ஆரம்பித்தார்கள். நாற்காலிக்குக் கிடைத்த நியாயம் அது.

இந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு நினைவுரையா என்று சிலர் நினைக்கலாம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இங்கிலீஷ் தெரியாதவர்கள் வாயிலும் புழங்குகிற வார்த்தை இது. ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு அர்த்தம்.

சென்ற ஆண்டு காட்டுக்குப்பம் ஆற்றங்கரையில் ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நின்றது. எதற்கு வந்தீர்கள் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். "எக்ஸ்போஷர் விசிட் சார்" என்றாள். ரொம்ப மரியாதையான பிள்ளை, நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. காரணம் அந்தப் பிள்ளை அல்ல, என் அப்பாவின் பழைய மருத்துவச் சீட்டு. அதிலும் ஒரு டாக்டர் அதே வார்த்தையைத்தான் எழுதியிருந்தார்: தூசு எக்ஸ்போஷர், இத்தனை ஆண்டு என்று. அந்தப் பிள்ளைக்கு எக்ஸ்போஷர் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வருவது. என் அப்பாவுக்கு எக்ஸ்போஷர் என்றால் போய்விட்டு வர முடியாமல் இருப்பது. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இதை வசவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாருங்கள், பாருங்கள். ஆனால் கிளம்பும்போது மணி பார்ப்பீர்கள் இல்லையா, அந்த மணியைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அப்பாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஆலையில் மூட்டை இறக்கும் வேலை. பெயர் வேண்டாம், மணலி சாலையில் போகிறவர்களுக்கு எல்லாச் சுவரும் ஒரே சுவர்தான். 22 வருசம் அதே கேட்டு வழியாகத்தான் போய் வந்தார். ஆனால் காகிதத்தில் அவர் ஒரே இடத்தில் 22 வருசம் வேலை பார்க்கவே இல்லை. கான்ட்ராக்டர் மாறுவார், அட்டை மாறும், சேர்ந்த தேதி மாறும். மூச்சு இரைக்க ஆரம்பித்து, இது வேலையால் வந்த நோய் என்று நிரூபிக்கப் போனபோது அவர் கையில் இருந்தது ஒன்பது அட்டைகள். கடைசி அட்டையின்படி அவருக்குச் சர்வீஸ் பதினான்கு மாதம். பதினான்கு மாதத்தில் நுரையீரல் இப்படிப் போகாதே என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான், அட்டையை மட்டும் பார்த்தால்.

ஸ்டுடியோ முதலாளியின் கணக்கும் இதுவும் ஒன்று. எவ்வளவு, எவ்வளவு நேரம். கொஞ்சம் தூசுதான், ஆனால் நேரம் 22 வருசம். உடம்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. நேரத்தை மட்டும் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டார்கள். கான்ட்ராக்ட் முறை கூலியை மட்டும் திருடுகிறது என்று நாம் பேசுகிறோம். அது நோயின் வரலாற்றையும் திருடுகிறது. சிலிக்கோசிஸ் அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட நோயாக இருந்தது. அந்த வரிசையில் தன் பெயரைச் சேர்க்க ஒரு தொழிலாளி எந்த இடம், எந்தத் தூசு, எத்தனை ஆண்டு என்று காட்ட வேண்டும். மூன்றாவதைக் காட்டுவதற்குத்தான் நம்மிடம் காகிதம் இருப்பதில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு அட்டவணையும் இருந்தது. ஆலைக்குள் எந்த ரசாயனம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற பட்டியல். அமோனியாவுக்கு அதில் போட்டிருந்தது எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 18 மில்லிகிராம், அதாவது 18,000 மைக்ரோகிராம். கேட்டுக்கு வெளியே, ஊர்க் காற்றுக்குத் தேசியத் தரம் 24 மணி நேரச் சராசரியாக 400 மைக்ரோகிராம். மணிக்கணக்கு வேறு வேறு என்பது உண்மை, அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசல் பக்கம் காற்றில் 2,090 மைக்ரோகிராம் இருந்தது. ஊருக்கான வரம்பைப்போல ஐந்து மடங்கு, ஆகவே விதிமீறல். ஆனால் அதே காற்று கேட்டுக்கு உள்ளே இருந்திருந்தால் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்யத் தகுந்த காற்று என்றுதான் சட்டம் சொல்லியிருக்கும். காலை எட்டு மணிக்கு கேட்டைத் தாண்டி உள்ளே போகிறவனும் மாலையில் வெளியே வருகிறவனும் ஒரே ஆள். ஒரே நுரையீரலுக்கு இரண்டு சட்டம்.

அந்த இரவைப் பற்றி ஒரு அக்கா என்னிடம் சொன்னது வேறு. அவருக்கு இருமலைவிட டிவிதான் பெரிய குறை. "நைட்டியோட ஓடறேன், மேலத் துண்டு கூட இல்ல, அதத்தான் திருப்பித் திருப்பிக் காட்றான். ஊரே பாத்துச்சு" என்றார். தமிழில் 'எக்ஸ்போஸ்' என்ற வார்த்தை அதிகம் எந்த அர்த்தத்தில் புழங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். சினிமாக்காரர்களும் ஆண்களும் பெண்ணின் உடையைப் பற்றிச் சொல்லும் வார்த்தை. குற்றம் எப்போதும் தெரிந்தவள் மேல், பார்த்தவன் மேல் அல்ல. மறைக்கும் உரிமையே இல்லாத பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அரசாணை வந்தது 1859 ஜூலையில். அதற்கு முன் பல பத்தாண்டுகள் அடி, உதை, வீடு எரிப்பு. திறந்து வைக்கவும் அவர்களே சொல்வார்கள், மூடு என்றும் அவர்களே சொல்வார்கள். அந்த அக்காவுக்கு வாரியத்தின் 2,090ஐ நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டு, "அந்த வீடியோவ எடுக்கச் சொல்ல முடியுமா தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தமிழில் எக்ஸ்போஷருக்கு வெளிப்பாடு என்று எழுதுகிறோம், மருத்துவக் கட்டுரை என்றால் வெளிப்படுகை. எக்ஸ்போஸ் செய்வதற்கு நல்ல சொல் அம்பலப்படுத்துவது. எனக்குப் பிடித்த சொல், நம் துண்டறிக்கைகளில் பாதி அதில்தான் முடியும். அம்பலம் என்றால் ஊர் கூடும் பொது இடம். அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் அம்பலப்படுத்துவது. ஆனால் அதே தமிழில் ஒரு பழமொழியும் இருக்கிறது: ஏழை சொல் அம்பலம் ஏறாது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அம்பலத்துக்குள் கால் வைக்கவே விடாதவன் எதை எங்கே அம்பலப்படுத்துவான்? தில்லை அம்பலத்தைப் பார்க்க ஆசைப்பட்ட நந்தன் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்று சேக்கிழார் புராணம் எழுதினார். பக்தர்கள் அதை மகிமை என்கிறார்கள். நான் அதை நுழைவுக் கட்டணம் என்பேன்.

எண்ணூர் வரைபடத்தின் கதையும் இதுதான். 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம், சுமார் 6,500 ஏக்கர், கட்டடம் எழுப்பக் கூடாத இடமாக இருந்தது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது 1997 என்று தேதியிட்ட வேறொரு வரைபடம் வந்தது. அதில் கழிமுகமே இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, காகிதத்தில் ஆறு இல்லை. செய்தியாளர்கள் எழுதினார்கள், சூழலியல் தோழர்கள் போராடினார்கள், நல்ல வேலை. ஆனால் சாம்பல் கொட்டி ஆறு மேடாகிறது, படகு தரை தட்டுகிறது என்று மீனவர்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது அதற்கு எத்தனையோ வருசம் முன்பிருந்தே. முழங்காலளவு சாம்பல் சேற்றில் நின்றுகொண்டு சொன்னது அம்பலம் ஏறவில்லை. இங்கிலீஷில் ஒரு வரைபடமும் அதற்கு எதிராக இன்னொரு வரைபடமும் கிடைத்த பிறகே ஏறியது.

புகைப்படத்தின் தொடக்ககாலக் கதை ஒன்று. 1838இல் பாரிஸில் தாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படம் எடுத்தார். ஆளும் வண்டியும் நிறைந்த தெரு. ஆனால் அன்றைய தகட்டுக்குப் பல நிமிட எக்ஸ்போஷர் வேண்டும், நடந்தவர்கள் யாரும் படத்தில் பதியவில்லை. வெறும் தெருவாக வந்தது. ஒரே ஒருவர் தெரிகிறார், ஒரு மூலையில் காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்பவர். அசையாமல் நின்றதால் பதிந்தார். மனிதன் பதிந்த முதல் புகைப்படம் என்று புத்தகங்களில் அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் காலடியில் குனிந்து கை ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மங்கலான கறை. வேலை செய்தவன் கறை, வேலை வாங்கியவன் சரித்திரம். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, உலகமே பார்த்த படம் வாளியால் எண்ணெய் அள்ளும் கைகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்தபோதும் அதே படம், மீனவர்கள், குவளை, வாளி. ஆறு வருசத்தில் தொழில்நுட்பத்தில் முன்னேற்றம் என்று பார்த்தால், படம் எடுத்த கேமராக்களில்தான். பிறகு நிவாரணம் வந்தது, மொத்தம் 8 கோடியே 68 லட்சம் ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, இன்னொரு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. குறைவு என்று சண்டை போட்டோம், அது இருக்கட்டும். கணக்கின் வடிவத்தைப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு வரி, படகுக்கு ஒரு வரி. உடம்புக்கு வரி இல்லை. அந்த ஆற்றில் படகே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் இருளர்கள். நெஞ்சளவு தண்ணீரில், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் படகு, வலை, தூண்டில் எல்லாமே தோல்தான். எக்ஸ்போஷர் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் அகராதி தேவையில்லை, ஒரு நாள் அந்தக் கரையில் நின்றால் போதும். அவர்களை ஆண்டுக்கணக்கில் அருகிலிருந்து படம் எடுத்தவர் பழனி குமார். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான். அந்தப் படங்களில் தோல் அதன் நிறத்தில் இருக்கிறது. ஒரு பழைய எடுபிடியாக அதை முதலில் கவனித்தேன்.

தூசு இடம் மாறும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ராயபுரத்துக்காரர்கள் துணி காயப்போட முடியாமல், சோற்றில் கரி விழுகிறது என்று வருசக்கணக்கில் போராடி, 2011இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. தோழர் அந்தப் போராட்டத்தில் இருந்தார். வெற்றி விழாவில் எல்லோரும் லட்டு சாப்பிட்டோம். தோழர் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "கரி எங்கடா போகும்?" என்று கேட்டார். கரி எண்ணூருக்குப் போனது. அப்போது யாரும் அதைப் பேச விரும்பவில்லை, நான் உட்பட.

மாணவர்களுக்கு அதிகம் பழக்கமான அர்த்தம் ஒன்று உண்டு, விட்டுவிட்டேன். வியாசர்பாடிப் பையன் கானா பாட நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால், காசு கேட்டதும் "எக்ஸ்போஷர் கிடைக்கும்ல" என்கிறார்கள். கூலி கொடுக்காமல் ஊர் வேலை வாங்கியதற்கு நம் ஊரில் ஒரு பழைய பெயர் இருக்கிறது, வெட்டி. அந்த வெட்டியில் இருந்துதான் வெட்டியான். அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது. தம்பிகளே, அடுத்த முறை பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் நம்மை யாரோ திறந்து வைக்கிறார்கள். பரோடாவில் 1917இல் அம்பேத்கருக்கு நடந்ததும் அதுதான். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். 'எந்த ஏரியா?' என்று நேர்முகத் தேர்வில் கேட்கும்போது புளியந்தோப்பு என்று சொல்லாமல் புரசைவாக்கம் பக்கம் என்று சொல்லியிருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன். அந்தத் தடிச் சத்தம் எனக்குக் கேட்கும்.

ஆனால் பரோடாவுக்கு 24 ஆண்டுகள் முன்பே, 1893இல், இதே சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசவாக வீசப்பட்ட சொல்லை எடுத்து முகப்பில் அச்சடித்தார். 1900 வரை நடத்தினார். யாரும் வந்து கண்டுபிடிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதை அவரே தீர்மானித்தார். அம்பலம் விடாவிட்டால் அச்சகம் என்று புரிந்துகொண்டவர் அவர். எல்லோரும் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் கட்டளையிட மாட்டேன், வீட்டு வாடகைக்கு அலையும் பெண்ணிடம் போய் சாதியை அறிவித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. எப்போது, யாரிடம் சொல்வது என்ற தீர்மானம் அவளிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடலூர் சிப்காட் ஊர்களில் 2004 முதல் சாதாரண ஜனங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியும் பையும் வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கூடவே நாற்றக் குறிப்பு எழுதினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன மாதிரி நாற்றம், யாருக்கு என்ன செய்தது என்று. என் அப்பாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் ஒன்பது அட்டைக்கும் நடுவில் அது ஒரு நூலாக ஓடியிருக்கும். நம் மன்றத்தில் சென்ற மாதம் திருவொற்றியூரில் பதினோரு வீடுகளுக்கு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருக்கிறோம், பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளர் வீடுகள். ஆலையில் சேர்ந்த தேதியும் கான்ட்ராக்டர் மாறும் தேதியும் முதல் பக்கத்தில். மூன்று வீடுகளில் ஒழுங்காக எழுதுகிறார்கள், இரண்டில் பால் கணக்கு எழுதியிருக்கிறார்கள். மீதி வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆள் தேவை. பேருந்தில் வந்த பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால் வெளியே மேஜையில் பெயர் கொடுங்கள். ஒரு நாளுக்கு வேண்டாம், ஒரு வருசத்துக்குக் கொடுங்கள்.

தோழரின் பழைய படம் ஒன்று அவர் மகளிடம் இருக்கிறது. கரி மேட்டுக்கு முன்னால் நின்று எடுத்தது, யாரும் பென்சில் வைக்காதது. அடுத்த ஆண்டு அதைப் பெரிதாக்கி வைத்துவிடுங்கள், செலவு என்னுடையது.